கண்ணோடு ஒட்டிய காமிரா

சேலம் மாவட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே, சுவேத நதிக்கரையில் இருக்கும் தம்மம்பட்டியில் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கப்பட்டு வரும் மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு என்னும் அந்தஸ்து கிடைத்திருப்பதை வாசகர்களில் பலர் அறிவார்கள். தசாவதார வரிசைகளும், கோயில் வாகனங்களும், வாசற்கால்களை அலங்கரிக்கும் லட்சுமி உருவங்களும் அங்கிருந்து தூரதேசங்களுக்கெல்லாம் போகின்றன. வாங்குகிறவர் அவற்றை முதன்முதலாகக் காண்பது இக்காலத்தில் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தின் வாயிலாகத்தான். பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவர் நிச்சயிப்பதும் அந்தப் படத்தைப் பார்த்தே. ஆகவே, அவ்வூர்ப் பட்டறை ஒன்றில் உளிக்கும் கொட்டாப்புளிக்கும் பக்கத்தில் ஒரு நல்ல காமிரா இருக்க வேண்டும் என்று சொன்னால், அதை ஆடம்பரம் என்று யாரும் ஒதுக்கிவிட இயலாது.

கைபேசி இருக்கும்போது காமிரா எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. சாதாரணக் காரியங்களுக்குக் கைபேசி போதும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெரும்பாலான கைபேசிகளில் உள்ள பிரதான லென்ஸ் அகன்ற காட்சியைப் பிடிப்பதற்காக அமைந்தது. கிட்டே போனால்தான் உருவம் சட்டத்தை நிரப்பும். கிட்டே போவதில்தான் சங்கடம் பிறக்கிறது. குதிரை வாகனம் ஒன்றை முன்னிருந்து படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் மூக்கு நுனி நமக்கு இரண்டடியிலும் கழுத்து நான்கடியிலும் இருந்தால், படத்தில் மூக்கின் அளவு கழுத்தோடு ஒப்பிட இரு மடங்கு பெருத்துத் தெரியும். சிற்பி அளவு பார்த்து அமைத்த முகம் விகாரப்பட்டுப் போகும். பத்தடி பின்வாங்கி நின்றால் அதே தூரங்கள் பன்னிரண்டடியும் பதினாலடியும் ஆகிவிடுகின்றன. மூக்கின் மிகுதி ஆறில் ஒரு பங்காகச் சுருங்கி, முகம் தன் சுபாவமான லட்சணத்தோடு நிற்கிறது. பின்வாங்கி நின்றபடியே உருவத்தைச் சட்டம் நிறையக் கொண்டுவருவதுதான் ஜூம் லென்ஸின் முதல் உபகாரம். தொலைவில் இருப்பதை அருகில் காட்டுவது மட்டுமே அதன் வேலை என்று எண்ணுகிறவர்கள், அதனால் கிடைக்கும் பயனில் பாதியைத்தான் அறிந்தவர்கள். பழைய பிலிம் கணக்கில் 85 முதல் 100 மில்லிமீட்டர் வரை எட்டும் லென்ஸ் இருந்தால், சிற்பத்தின் முகத்துக்கு அது போதுமானது. விரலால் திரையை விரித்துப் பெரிதாக்குவதை இதோடு சேர்த்து எண்ணக்கூடாது. அது பிடித்த படத்தின் நடுப்பகுதியை வெட்டியெடுத்துப் பெரிதாக்கும் வேலையே.

இனி, விற்பனைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் ‘30எக்ஸ்’ போன்ற எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த எண் லென்ஸின் நெடிய முனைக்கும் குறுகிய முனைக்கும் உள்ள விகிதத்தைக் குறிப்பதே தவிர, படத்தின் தரத்தைக் குறிப்பதன்று. 24 மில்லிமீட்டரில் தொடங்கி 720 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸைச் சட்டைப் பையில் அடங்கும் பெட்டிக்குள் வைக்க வேண்டுமானால், ஒளியைப் பதியும் சென்ஸாரைச் சிறிதாக்கியே ஆகவேண்டும். 2018இல் வந்த சோனி ஹெச்எக்ஸ்99 அப்படிப்பட்டது; அதன் சென்ஸார் ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டர் அகலமும் 4.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. ‘ஒரு அங்குலம்’ என்று வணிகத்தில் வழங்கும் சென்ஸாரும் உண்மையில் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான், எனினும் பரப்பளவில் முன்னதைப்போல் நான்கு மடங்கு. லென்ஸ் நீள நீள அதன் துவாரம் வழியே வரும் ஒளியும் குறைகிறது. ஹெச்எக்ஸ்99இல் எஃப் 3.5 என்று தொடங்கும் துவாரம் நெடிய முனையில் எஃப் 6.4 ஆகிவிடுகிறது, அதாவது ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்த எண் சிறிதாக இருந்தால் துவாரம் பெரிது என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஓடு வேய்ந்த பட்டறைக்குள், வாசல் வழியாக மட்டும் பக்கவாட்டில் வெளிச்சம் வருகிறது என்று கொள்வோம். வாகை மரத்தில் கண்ணிமையின் விளிம்பை வழித்து உளி திரும்பிய இடத்தில் ஒரு மெல்லிய நிழல் விழும். அந்த நிழல்தான் வேலைப்பாட்டின் சூட்சுமத்தைக் காட்டுவது. சிறிய சென்ஸாரும் சிறிய துவாரமும் உள்ள காமிரா அந்த மங்கலில் திணறி, படத்தை மணல் தூவினாற்போலப் புள்ளிகளாக்கி, பிறகு அப்புள்ளிகளைத் தானே மழுக்கிவிடும். மழுக்கும்போது உளித்தடமும் சேர்ந்து அழிந்துபோகிறது. பிளாஷைப் போட்டாலோ நேர் எதிரே பாயும் ஒளி நிழலையே இல்லாமல் அடித்துவிடும். ஆகையால் சிற்பிக்கு முப்பது மடங்கு ஜூம் பிரயோஜனப்படாது. மூன்று அல்லது ஐந்து மடங்கு ஜூமும் பெரிய துவாரமுமே அவருக்கு வேண்டியவை.

வியூஃபைண்டரின் அவசியம் பட்டறையை விட்டு வெளியே வந்தவுடன் புலப்படும். சித்திரை மாதத்து நடுப்பகலில், செதுக்கி முடித்த வாகனத்தைத் தெருவில் நிறுத்திப் படம் எடுக்க முயலுகிறவருக்குக் காமிராவின் பின்திரையில் தம் முகமும் வானமுமே தெரியும். உருவம் சட்டத்துக்குள் இருக்கிறதா, தலை வெட்டுப்படுகிறதா என்று அனுமானத்தின் பேரில்தான் பொத்தானை அமுக்க வேண்டியிருக்கும். தேரோட்டத்திலும், மாடு வாடிவாசலைத் தாண்டும் அந்த ஒரு கணத்திலும் அனுமானம் உதவாது. வியூஃபைண்டர் எனப்படும், கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு ஜன்னல் இருந்தால் வெயில் அங்கே நுழைவதில்லை. அன்றியும், காமிரா நெற்றியிலும் இரு கைகளிலுமாக மூன்று இடங்களில் ஊன்றி நிற்பதால் நடுக்கம் குறைகிறது. கையை நீட்டிப் பிடித்து நெடிய ஜூமில் படம் எடுக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை ஒரே நாளில் உணர்வார்கள்.

இந்த ஜன்னலில் இரு வகை உண்டு. கண்ணாடியின் வழியே வெளியுலகை நேராகக் காட்டுவது ஒன்று. 2013இல் வந்த கானன் ஜி16, பியூஜிபிலிம் எக்ஸ்20 ஆகியவை அவ்வகை. அதற்கு மின்கலம் செலவாகாது. ஆனால் படத்தில் விழும் பரப்பு முழுவதையும் அது காட்டாது. லென்ஸுக்குச் சற்று மேலே இருந்து நோக்குவதால், பொருள் கிட்டே வர வர ஜன்னலில் தெரிவதும் படத்தில் விழுவதும் வேறுபடும். மற்றொன்று, உள்ளே ஒரு நுண்ணிய மின்திரையை வைத்து, லென்ஸ் காண்பதையே காட்டும் மின்னணு வகை. வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்பதையும் படம் எடுக்கும் முன்னரே அது தெரிவித்துவிடும். சிற்பத்தைக் கிட்டத்தில் எடுப்பவர் இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அதிலும் தரபேதம் உண்டு: ஹெச்எக்ஸ்99இன் ஜன்னலில் ஆறு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள், சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் மாதிரியிலோ 23 லட்சத்துக்கு மேல். மூக்குக் கண்ணாடி அணிகிறவர்கள், பார்வைக்கேற்பத் திருகிக்கொள்ளும் சிறு சக்கரம் இருக்கிறதா என்று பார்த்து, காமிராவைக் கடையின் உள்ளே அன்றி வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் நின்று நோக்கிய பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

கையடக்கமான பிலிம் காமிராவில் ஜூம் லென்ஸைப் பொருத்தி முதலில் வெளியிட்டது பென்டாக்ஸ் நிறுவனம். 1986இல் வந்த அந்த ‘ஜூம் 70’ காமிராவில் லென்ஸ் 35இலிருந்து 70 மில்லிமீட்டர் வரை நகர்ந்தது. அந்நாளில் வியூஃபைண்டர் இல்லாத காமிராவைக் கற்பனை செய்யவும் முடியாது. பின்திரை வந்தபின் அது வேண்டாத உறுப்பாகக் கருதப்பட்டது. 2010இல் உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட சிறு காமிராக்கள், கைபேசியின் வரவால் 2023இல் இருபது லட்சத்தைக்கூட எட்டவில்லை. எஞ்சிய தயாரிப்பாளர்களும் சிக்கனம் தேடுகிறார்கள்: பானசோனிக் டிஇசட்95இல் இருந்த ஜன்னல், 2025இல் அதன் வாரிசாக வந்த டிஇசட்99இல் எடுக்கப்பட்டுவிட்டது. இது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிற செய்தி. வெயில் மிகுந்த நம் நாட்டில் காமிரா பிடிப்பவனின் சிரமத்தை எண்ணிப் பார்த்திருந்தால் வேறொன்றில் சிக்கனம் செய்திருப்பார்கள்.

ஆகவே இன்று தேர்ந்தெடுக்க இருப்பவை சில மாதிரிகளே. சிற்ப வேலைக்கு, 2019இல் வந்த கானன் ஜி5 எக்ஸ் இரண்டாம் மாதிரி மிகப் பொருத்தம் என்று நினைக்கிறேன். 24 முதல் 120 மில்லிமீட்டர் வரை, எஃப் 1.8இலிருந்து 2.8க்குள் அடங்கும் துவாரம், மேலெழும் மின்னணு ஜன்னல். பானசோனிக் எல்எக்ஸ்100 இரண்டாம் மாதிரியின் சென்ஸார் இன்னும் பெரியது. ஆனால் அது 75 மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் மாதிரி 200 மில்லிமீட்டர் வரை எட்டும்; மாடும் தேரும் எடுக்க அதற்கு நிகர் இந்த அளவில் இல்லை. எனினும் துவாரம் எஃப் 2.8இல்தான் தொடங்குகிறது, பட்டறையில் கானன் வாங்கும் ஒளியில் பாதியைக்கூட அது வாங்குவதில்லை. கொல்லிமலை ஆகாய கங்கையில் நீர் வீழ்வதைப் பட்டுத்துணி போலப் படமாக்க விரும்புகிறவருக்கு, ஒளியைக் குறைக்கும் வடிகட்டி கானனுக்குள்ளேயே இருக்கிறது; சோனியின் இந்த மாதிரியில் இல்லை. மலைக்காட்டுப் பறவைகளை நாடுகிறவருக்கோ இவை எதுவும் போதா. காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர்பெற்ற மா. கிருஷ்ணன், கடையில் கிடைத்தது தம் வேலைக்குப் போதாமையால், வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தமக்கென ஒரு பெரிய காமிராவையே அமைத்து, ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று பெயரிட்டுச் சுமந்து திரிந்தார்.

மேலே சொன்னவற்றுள் சில பழைய சரக்காகவே கிடைக்கும். வாங்குமுன் லென்ஸை முழுதும் நீட்டி மடக்கி, உறுமல் கேட்கிறதா என்று கவனித்து, துவாரத்தை மிகச் சிறிதாக வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, அதில் கறுப்புப் புள்ளிகள் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நீளும் லென்ஸ் ஒவ்வொரு தடவையும் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு தூசியும் போகிறது. உட்கார்ந்த தூசியை அகற்றக் காமிராவையே பிரிக்க வேண்டும். மரத்தூள் பறக்கும் இடத்தில் இந்த அபாயம் பன்மடங்கு. உப்புத்தாள் தேய்க்கும் வேலை நடக்கும்போது காமிராவை மூடிய டப்பாவில் வைத்து, தூள் அடங்கி, உருவத்தைத் தூரிகையால் துடைத்த பிறகே வெளியில் எடுப்பதும், லென்ஸை உள்ளே மடக்குமுன் அதன் குழலை மெல்லிய துணியால் ஒரு சுற்றுத் துடைத்துவிடுவதும் அவ்வூரில் காமிரா வைத்திருப்பவர் தினமும் செய்ய வேண்டியவை.