ரன்: ஒரு சொல், நூறு வேலை

ஆங்கிலத்தில் 'ரன்' என்றால் ஓடு என்று பள்ளியில் படிக்கிறோம். ஆனால், அந்த மொழியில் மிக அதிகமாக உழைக்கும் வினைச்சொல் இதுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்தியபோது இந்த வினைக்கு மட்டும் 645 பொருள்கள் தேறின. அதுவரை முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது.

காலால் ஓடுவதில் தொடங்கிய பொருள், ஓடுகிற எல்லாவற்றுக்கும் பரவியது. ஆறு ரன் ஆகும். சளி பிடித்தால் மூக்கும் ரன் ஆகும். துவைத்த துணியில் சாயம் போனாலும் அதே சொல்தான். பிறகு இயந்திரங்கள் வந்தன. ஆலை, ரயில், இன்று கணினி நிரல் என இயங்குவதெல்லாம் ரன் ஆயிற்று. கடையை நடத்துவதும் ரன், கட்சியை நடத்துவதும் ரன்.

தேர்தலில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க வேட்பாளர் 'ரன்' செய்கிறார். பிரிட்டிஷ் வேட்பாளரோ 'ஸ்டாண்ட்' செய்கிறார், நம்மைப் போலவே நிற்கிறார். வைப்புப் பணத்தைத் திரும்பப் பெற மக்கள் வங்கியில் முண்டியடித்தால் அதற்கும் ரன் என்றே பெயர்.

ரன் என்றால் ஓடித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை: கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டு எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஓடாமலே நான்கு ரன் கிடைக்கும்.

தமிழின் 'ஓடு'வும் சளைத்ததல்ல: வண்டி ஓடும், கடிகாரம் ஓடும், படம் நூறு நாள் ஓடும். ஆனால் தமிழில் மூக்கு ஒழுகும், கட்சியை நடத்துவார்கள். ஆகவே 'ரன்' வரும் இடமெல்லாம் 'ஓடு' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.