கோணிய விழிக்கு ஒரு புதிய முகப்பு

சென்ற வாரம், மூக்குக்கண்ணாடி அணிந்த மாத்திரத்தில் தெளிவு பெற்றுவிடும் கண்களைப் பற்றி எழுதினோம். அந்தப் பாக்கியம் வாய்க்காத கண்களைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்து எத்தனை வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாலும், பலகையிலுள்ள எழுத்து தன் நிழலையும் கூட்டிக்கொண்டு இரண்டாகவும் மூன்றாகவும் நிற்க, அடிக்கடி புதுக் கண்ணாடி வாங்கியும் பயன் காணாமல், ‘இதற்குமேல் கண்ணாடியால் ஆவதில்லை’ என்ற சொல்லோடு வீடு திரும்புகிறவர்கள் எல்லா ஊரிலும் சிலர் உண்டு; நமது கரையோர ஊர்களும் அதற்கு விலக்கல்ல. மருதமுனையில் கைத்தறியின் முன் அமர்ந்து ஓர் இழையை இரண்டிழையாகக் காணும் நெசவாளியும், கல்முனை வீதியில் இரவு மோட்டார் சைக்கிளில் வரும்போது எதிர்விளக்கின் ஒளி சிதறி வழியை மறைப்பதாக முறையிடும் இளைஞனும், கரும்பலகை தெரியாமல் முன்வரிசைக்கு நகர்ந்து நகர்ந்து ஈற்றில் ‘படிப்பில் கவனமில்லாதவன்’ என்று பெயரெடுக்கும் மாணவனும் ஒரே குறையால் வருந்துகிறவர்களாக இருக்கக்கூடும். அக்குறை இருக்குமிடம் கண்ணின் முகப்பு.

அந்த முகப்புக்கு விழிவெண்படலம் என்று பெயர். ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் குறுக்களவும், நடுவில் அரை மில்லிமீற்றருக்குச் சற்றே மிகுந்த தடிப்பும் கொண்டு, இரத்தக் குழாய் எதுவும் ஊடுருவாமல், தனக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே பெற்று வாழ்கின்ற தெளிந்த படலம் அது. ஒளிக்கிரணங்களை வளைத்துக் குவிக்கும் கண்ணின் மொத்த வலு ஏறக்குறைய 60 டயொப்டர் என்றால், அதில் 43 வரை இந்தப் படலத்துக்கே உரியது. காற்று முடிந்து படலம் தொடங்கும் அந்த எல்லையிலேதான் கிரணங்கள் மிகுதியாகத் திரும்புகின்றன என்பதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. களப்பிலோ கடலிலோ மூழ்கிக் கண்ணைத் திறந்த பிள்ளை எதுவும் தன் கைவிரலே மங்கித் தெரிவதைக் கண்டிருக்கும். காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ள, படலத்தின் வலு அநேகமாக இல்லாமற் போய்விடுகிறது. தோமஸ் யங் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, 1801இல் வெளியான தமது ஆராய்ச்சியில், கண்ணை நீரில் தோய்த்து அந்த வலுவை நீக்கி, நீரின் மறுபுறத்தில் வில்லையொன்றை வைத்து இழந்ததை மீட்டுக் காட்டினார். விழியின் முகப்பை நீரால் அழித்துவிட்டு, அதன் தொழிலை வேறொரு முகப்பிடம் ஒப்படைக்கலாம் என்ற இந்த உண்மையே இன்று நாம் சொல்லப்போகும் சிகிச்சைக்கு மூலம்.

முகப்பு ஏன் கோணுகிறது? காரணங்கள் பல. அவற்றுள் தலையாயது கெரட்டோகோனஸ் என்னும் நோய். லிவர்பூல் நகரத்து வைத்தியர் ஜோன் நொட்டிங்ஹாம் 1854ஆம் ஆண்டிலேயே இதைப்பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கி, படலம் மெல்ல மெல்ல நலிந்து, கண்ணினுள்ளே இயல்பாக உள்ள அழுத்தத்துக்கே ஈடுகொடுக்கமாட்டாமல் கூம்பாக முன்தள்ளி, முப்பது நாற்பது வயதளவில் அநேகமாக ஓய்ந்துவிடுவது இதன் சுபாவம். பரம்பரைக்கு இதில் பங்குண்டு. கண்ணைக் கசக்கும் பழக்கத்துக்கும் பங்குண்டு. ஒவ்வாமையால் கண் அரிக்கும் பிள்ளை ஓயாமல் கசக்குவதும், “கண்ணக் கசக்காத மனெ” என்று உம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போவதும் நம் வீடுகளில் சாதாரணக் காட்சி. அந்த உம்மாவின் வார்த்தையில் வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொள்ளும் உண்மை இருக்கிறது.

நோயின்றியும் விழி கோணலாம். சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் அறுவடைக் காலத்தில் நெற்தாளோ உமியோ கண்ணிற் பட்டு, அந்தச் சிறு காயத்தில் பூஞ்சணம் பற்றிப் புண்ணாகி ஆறினால், தழும்பு மிஞ்சும். தழும்புள்ள முகப்பு சீராக இராது. சில மருந்துகள் உடம்புக்கு ஒவ்வாமற் போய்த் தோலும் வாயும் கண்ணும் வெந்தாற்போலாகும் ஸ்டீவன்ஸ்–ஜோன்சன் என்னும் கொடிய நோய், 1922இல் அமெரிக்க வைத்தியர் இருவரால் விவரிக்கப்பட்டது. அதிலிருந்து உயிர் தப்பியவர்களுட் பலருக்குக் கண்ணீர் வற்றி, விழியின் மேற்பரப்பு பாழ்பட்டுப்போகிறது. படலத்தையே மாற்றிப் பொருத்திய கண்ணுக்கும் இதே இடர் நேர்வதுண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய இலங்கை கண் தானச் சங்கம், 1964இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பத் தொடங்கி, பாகிஸ்தான் உட்படப் பல தேசங்களுக்குப் பார்வையை வழங்கிய கீர்த்தி உலகறிந்தது. ஆயினும், தானமாக வந்த படலத்தைத் தைத்து முடித்ததும் பார்வை தானே நிறைவெய்திவிடுவதில்லை. தையலின் இழுப்பினால் மேற்பரப்பு ஒழுங்கற்று நிற்க, அதைச் சீராக்க அநேகருக்குப் பின்னர் ஒரு வில்லை வேண்டியிருக்கிறது.

அந்த வில்லைதான் தொடுவில்லை. வழக்கில் கொண்டாக்ட் லென்ஸ். கடைகளில் விற்கும் மென்மையான வில்லைகளை எண்ணிக்கொண்டு, ‘அதை நானும் போட்டுப் பார்த்தேனே’ என்று சிலர் சொல்லக்கூடும். மென்மையானது விழியின்மேற் படிந்து, விழியின் கோணலைத் தானும் ஏற்றுக்கொண்டுவிடும். ஆகையால் அதனால் பெரும்பயன் இல்லை. இறுக்கமான வில்லையோ தன் வடிவத்தை விட்டுக்கொடுப்பதில்லை. அதற்கும் விழிக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கண்ணீர் நிரப்புகிறது. மாரி மழையில் குண்டும் குழியுமான பாதையில் நீர் நிறைந்துவிட்டால் மேற்பரப்பு மட்டமாகிவிடுவதுபோல, அடியிலுள்ள கோணல் கண்ணீரின் கீழ் அமிழ்ந்துவிடுகிறது. கணக்கும் இதற்குச் சாட்சி கூறுகிறது: காற்றின் முறிவுச் சுட்டி 1, கண்ணீரினது 1.336, படலத்தினது 1.376. காற்றுக்கும் படலத்துக்கும் உள்ள பேதம் கண்ணீருக்கும் படலத்துக்கும் இடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், முன்முகக் கோணலின் தீங்கிலும் பத்தில் ஒன்பது பங்கு நீங்கிவிடுகிறது. எந்த மூக்குக்கண்ணாடியாலும் இயலாத காரியம் இது.

இவ்விஷயத்தின் சரித்திரத்தில் பலரும் நினைத்திராத ஒரு செய்தி உண்டு. தொடுவில்லை இன்று அழகுக்காகவும் சௌகரியத்துக்காகவும் அணியும் பொருளாகிவிட்டது. ஆனால் அதன் பிறப்பு கோணிய விழிக்காகவே நிகழ்ந்தது. வானசாஸ்திரி ஜோன் ஹேர்ஷெல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், கோணிய விழியின்மேல் தெளிந்த கூழ்போன்ற பொருளைக் கண்ணாடிக் கவசமொன்றால் தாங்கி வைக்கலாமே என்று எழுதினார். சூரிச் நகரத்து வைத்தியர் அடொல்ஃப் ஃபிக், கண்ணாடிக் கவசங்களை முதலில் முயல்களிடத்தும், பிறகு தம் கண்ணிலும், பிறகு நோயாளரிடத்தும் பரீட்சித்து, சர்க்கரைக் கரைசலால் நிரப்பி அணிவித்த விவரத்தை 1888இல் பிரசுரித்தார். அதே ஆண்டில் பாரிஸில் யூஜீன் கால்ட், கூம்பு விழிக்கென்றே கண்ணாடி வில்லை அணிவித்தார். அவையெல்லாம் கனமானவை, காற்றை உட்புக விடாதவை, சொற்ப நேரத்துக்குமேல் தாங்கமுடியாதவை. 1948இல் கலிபோர்னியாவில் கெவின் டூஹி விழிவெண்படலத்தின்மேல் மட்டும் நிற்கும் சிறிய பிளாஸ்டிக் வில்லையைக் கொண்டுவந்தார். 1961இல் செக்கோஸ்லொவாக்கியாவில் ஒட்டோ விஹ்டெர்லே மென்வில்லையைச் சுழற்றி வார்த்துக் காட்டினார். வியாபாரம் பெருகியது மென்வில்லையால். கோணிய விழிக்காரரோ மறக்கப்பட்டவர்போலானார்கள். பின்னர், ஒட்சிசன் புகக்கூடிய இறுக்கமான பிளாஸ்டிக் உண்டான பிறகு, 1983இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்து டொன் எசக்கியேல், அப்பொருளைக் கொண்டே கண்ணின் வெள்ளைப் பகுதிமேல் தாங்கி நிற்கும் பெரிய வில்லையைச் செய்தார். ஃபிக்கின் பழைய வடிவம், மூச்சுவிடும் புதிய பொருளில் மறுபிறப்பெடுத்தது என்று சொல்லலாம். ஸ்கிளெரல் லென்ஸ் என்று இன்று வழங்குவது அதுவே.

இனி, பொருத்தும் முறைக்கு வருவோம். இந்தச் சிகிச்சையின் சாரமும் சிரமமும் அங்கேதான் இருக்கின்றன. முதலில், வளையம் வளையமான ஒளியை விழியின்மேல் விழச்செய்து அதன் பிரதிபிம்பத்தைப் படமெடுக்கிறார்கள். 1880களில் போர்த்துக்கலின் அன்டோனியோ பிளாசிடோ கையில் பிடித்துப் பார்த்த வளையத் தட்டே இன்று கணினியோடு சேர்ந்து, மேடு பள்ளம் காட்டும் வண்ண வரைபடமாக விருத்தியடைந்திருக்கிறது. வரைபடம் ஆரம்பத்தைக் காட்டுமேயன்றி முடிவைக் கூறாது. பெட்டியிலுள்ள மாதிரி வில்லைகளுள் ஒன்றை அணிவித்து, புளோரசீன் என்னும் செம்மஞ்சள் சாயத்தைக் கண்ணீரில் கலக்கவிட்டு, நீல வெளிச்சத்தில் நோக்குகிறார் பொருத்துபவர். கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும். வில்லை விழியைத் தொட்ட இடம் இருண்டு கிடக்கும். கூம்பின் உச்சியிலே பாரம் முழுதும் இறங்கினால் நாளடைவில் அங்கே தழும்பு விழும்; உச்சியை அதிகமாகத் தாண்டி நின்றால் காற்றுக் குமிழி புகும், விளிம்பு இறுகும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையைத் தேடி, மாதிரியைக் கழற்றி வேறொன்றை இட்டு, மறுபடியும் சாயம், மறுபடியும் நீல வெளிச்சம் என்று பொழுது போய்க்கொண்டிருக்கும்.

ஸ்கிளெரல் வில்லையாயின் வேறொரு நியாயம். ஏறக்குறைய 15 முதல் 20 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள அந்தக் கிண்ணத்தை, பாதுகாப்பு இரசாயனம் கலவாத உப்புக் கரைசலால் விளிம்புவரை நிரப்பி, நோயாளர் முகத்தை நிலத்துக்குச் சமாந்தரமாகக் கவிழ்த்து, குமிழி புகாமல் கண்ணோடு சேர்க்கவேண்டும். அது படலத்தைத் தொடவே கூடாது. அணிந்த சிறிது நேரத்தில் ஒரு மில்லிமீற்றரில் நாலிலொரு பங்களவு இடைவெளி நிற்பது விரும்பத்தக்கது. ஆனால் மணிக்கணக்கில் அது கண்ணின் வெள்ளையிலே மெல்ல அமிழ்கிறது. காலையிற் போதுமாயிருந்த இடைவெளி மாலையிற் போதாமற் போகலாம். விளிம்பு எங்கே அழுத்துகிறதோ அங்கே சிறு இரத்தக் குழாய்கள் வெளிறிக் காட்டிக்கொடுக்கும். பகலின் நடுவில் கரைசல் கலங்கிப் பார்வை மங்குவோரும் உண்டு. அவர்கள் கழற்றி, புதிய கரைசல் நிரப்பி மறுபடி அணிய நேரும். ஆகையால், ஒரு முறை பார்த்து அளவெடுத்துக் கொடுத்தனுப்பும் வேலையன்று இது. அணிந்து சில மணி நேரம் கழித்துப் பார்த்து, சில வாரம் கழித்துப் பார்த்து, விளிம்பைத் திருத்தி மறுபடி கடையச் சொல்லி, அதையும் பார்த்து முடிக்கும் வேலை. கண்ணீர் வற்றிய ஸ்டீவன்ஸ்–ஜோன்சன் நோயாளருக்கு அந்த உப்புநீர் விழியை நாள்முழுதும் நனைத்து வைத்து வேதனையையே தணிக்கிறது என்பதை எண்ணும்போது, இத்தனை பொறுமையும் வீணல்ல என்பது விளங்கும்.

வில்லை கைக்கு வந்த பிறகு அணிபவரின் கடமை தொடங்குகிறது. முதல் விதி, கிணற்று நீரோ குழாய் நீரோ வில்லையைத் தொடக்கூடாது. நீரிலும் மண்ணிலும் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் விழியிற் புகுந்தால் வரும் புண் மிகவும் பொல்லாதது. வில்லையோடு கடலிற் குளிப்பதும் களப்பில் நீந்துவதும் அதனாலேயே விலக்கு. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பின்னரே வில்லையைத் தொடவேண்டும். இரவில் கழற்றிவிட வேண்டும். ஐவேளையும் வுழு எடுக்கும் நமது ஊரவர்க்கு ஐயம் எழுவது இயல்பு. கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது வுழுவின் கடமைகளுள் ஒன்றன்று. கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவி, இமையை ஒற்றித் துடைத்துக்கொண்டால் போதுமானது. நோன்பு காலத்துச் சந்தேகமும் அவ்வாறே: நம்மவர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி கண்ணிலிடும் மருந்து நோன்பை முறிப்பதில்லை. மேலும் ஐயமுள்ளோர் ஊர் உலமாவிடம் கேட்டுத் தெளியலாமேயன்றி, தாமாகவே ஒரு மாதம் மருந்தை நிறுத்திவிடுவது தகாது.

வில்லை பார்வையைத் தருமேயன்றி நோயை நிறுத்தாது என்பதையும் மறவாதிருக்க வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கும் கூம்பை நிறுத்துவதற்கு, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் கண்ட வேறு சிகிச்சை உண்டு. ரைபோஃபிளேவின் என்னும் விற்றமினை விழியில் ஊறச்செய்து புறஊதாக் கதிரைப் பாய்ச்சி, படலத்தின் இழைகளை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கும் அம்முறையின் முதற்பலன்கள் 2003இல் வெளியாயின. இளவயதில் நோய் தெரிந்தால் அதைப் பற்றி முதலில் கண் வைத்திய நிபுணரிடம் கேட்பதே கிரமம். வில்லை அதற்குப் பின்.

இத்தனைக்கும் நமது மக்கள் எங்கே போவார்கள்? கல்முனையிலிருந்து கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்குப் போவதென்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட இரவுப் பயணம். கையில் பணமுள்ளோர் கடல் கடந்து சென்னைக்குச் செல்வதும் உண்டு. அங்கே 1978இல் வைத்தியர் பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவும், ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் நிறுவனமும், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வைத்தியர் பெரி ரோசந்தால் வளர்த்தெடுத்த ஸ்கிளெரல் வில்லைச் சிகிச்சையைக் கற்று நடத்துகின்றன. ஆனால், நாம் மேலே கண்டபடி, இது ஒரே பயணத்தில் முடியாத சிகிச்சை. தூரதேசத்தில் திறமையாகப் பொருத்தப்பட்ட வில்லையும், மூன்றாம் மாதம் விளிம்பு அழுத்தத் தொடங்கும்போது பார்த்துத் திருத்த ஆளில்லையாயின், மேசை அறைக்குள் கிடக்கும் பொருளாகிவிடும். வில்லையை எங்கிருந்தும் தருவிக்கலாம். நீல வெளிச்சத்தில் அதைப் பார்த்து ‘இங்கே அழுத்துகிறது’ என்று சொல்லும் பயின்ற கண்ணைத் தருவிக்க முடியாது, வளர்க்கத்தான் வேண்டும். ஆதலால், நமது கரையோரத்து வைத்தியசாலைகளுக்கு உதவ நினைக்கும் தனவந்தர்களும் சங்கங்களும், கட்டடமும் யந்திரமும் கொடுப்பதோடு நில்லாமல், ஊர்ப்பிள்ளைகள் இருவரை இக்கலையில் பயிற்றுவிக்கும் செலவையும் ஏற்றுக்கொள்வார்களானால், அதுவே நீடித்த உபகாரம்.

வாசகருக்குச் சொல்லவேண்டியது சுருக்கமானது. ஓயாமல் கண்ணைக் கசக்கும் பிள்ளைக்கு அரிப்பு தணிய மருந்து வாங்கிக் கொடுங்கள். கண்ணாடியின் அளவு அடிக்கடி மாறுகிறதென்றால், இன்னொரு கண்ணாடி வாங்குமுன் விழியின் வரைபடம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வில்லை பொருத்தச் சென்றால், விலையைக் கேட்பதற்கு முன், ‘திரும்ப எப்போது வந்து காட்டவேண்டும்?’ என்று கேளுங்கள்; அதற்குத் தெளிவான விடை சொல்லாத இடத்தில் வில்லை வாங்காதீர்கள்.

(தொடரும்)