பொன்னிற முனை

இரும்புச் சாமான் கடையில் துளையிடும் அலகுகளை, அதாவது ‘டிரில் பிட்’டுகளைப் பார்த்திருப்பீர்கள். கறுத்த அலகுகளுக்கு நடுவே சில பொன்போல் மின்னும், விலையும் கூடுதல். தங்க முலாமோ என்று ஐயுறுவோர் உண்டு. தங்கம் மிக மென்மையான உலோகம். எஃகைத் துளைக்க அது உதவாது. அந்தப் பொன்னிறம் டைட்டானியம் நைட்ரைடு என்னும் சேர்மத்தின் இயற்கை நிறம்.

இப்பூச்சின் பருமன் 2 முதல் 4 மைக்ரான்தான். நம் தலைமயிரோ ஏறக்குறைய 70 மைக்ரான். இத்தனை மெல்லிய பூச்சு என்ன செய்துவிடும்? கடினத்தைக் கணக்கிடும் விக்கர்ஸ் அளவில், ‘ஹைஸ்பீடு ஸ்டீல்’ எனப்படும் உயர்வேக எஃகு 900ஐ ஒட்டி நிற்கிறது. டைட்டானியம் நைட்ரைடு 2,000ஐத் தாண்டுகிறது. துளைக்கும்போது வெட்டப்படும் உலோகம் சூடேறி முனையில் ஒட்டிக்கொள்வதையும் இது குறைக்கிறது. முனை மழுங்க நாளாகிறது.

இதைப் பூசும் முறை சுவையானது. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிய அலகுகளை, காற்று நீக்கிய கலத்துக்குள் வைக்கிறார்கள். மின்வில்லின் வெப்பத்தால் டைட்டானியத்தை ஆவியாக்கி, சிறிது நைட்ரஜன் வாயுவை உள்ளே விடுகிறார்கள். இரண்டும் கூடி அலகின்மேல் அணு அணுவாகப் படிகின்றன. விரல் ரேகையின் பிசுக்கு இருந்தாலும் அந்த இடத்தில் பூச்சு உரிந்துவிடும்.

கலத்தின் வெப்பம் சுமார் 450 பாகை செல்சியஸ். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 1960களின் இறுதியில் வந்த பழைய முறைக்கு 1,000 பாகை அளவு வெப்பம் வேண்டியிருந்தது. கார்பைடு முனைகள் அதைத் தாங்கின. உயர்வேக எஃகோ 600 பாகைக்கு மேல் போனாலே இளகத் தொடங்கும். குறைந்த வெப்பத்தில் பூசக் கற்ற பின்னரே, 1980ஐ ஒட்டி, சாதாரண அலகுக்கும் இந்தப் பொன்னிறம் கிட்டியது.

அடியில் இருக்கும் எஃகு இளகியதாயின் மேற்பூச்சால் பயனில்லை. பிசைந்த மாவின்மேல் முட்டை ஓட்டை வைத்து அழுத்திப் பாருங்கள். மாவு அமுங்கும், ஓடு நொறுங்கும். மட்டமான எஃகில் பூசிய அலகின் கதியும் அதுவே. சில அலகுகளில் நாம் காணும் மஞ்சள் நிறம் பூச்சே அன்று. சூடேற்றியதால் எழுந்த ஆக்சைடு நிறம். ஆகவே பட்டறைத் தொழிலாளி தம் கைக்காசில் வாங்கும்போது, நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அலகின் தண்டில் எஃகின் வகை பொறித்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. துருப்பிடிக்கா எஃகை எண்ணெயும் விடாமல் அதிவேகத்தில் துளைத்துவிட்டு அலகைக் குறைகூறுவது வேறு கதை!

மழுங்கிய முனையைச் சாணை பிடித்தால் பூச்சு போய்விடாதா? தீட்டிய முகத்தில் போய்விடும். ஆனால் சீவல்கள் ஏறிவரும் திருகுப் பள்ளத்தில் அது அப்படியே இருக்கும். அதனால் தீட்டிய பிறகும், பூச்சில்லாத அலகைவிட அது சற்றுக் கூடுதலாகவே உழைக்கும்.