ஆட்டு மந்தை முதல் யானைக் கூட்டம் வரை... வீட்டையும் காட்டையும் சேர்த்துப் பார்த்த மா.கிருஷ்ணன்!

தர்மபுரி மாவட்டம், நல்லம்பள்ளி வாரச்சந்தையில் ஆடு வாங்கி விற்றவர்களுக்கு இது பழகிய காட்சி. வாங்க வந்தவர் ஆட்டின் தாடையைப் பிடித்து, கீழ் உதட்டை விலக்கிப் பார்ப்பார். ‘இரண்டு பல்’, ‘நாலு பல்’, ‘கடை சேர்ந்தது’ என்று அடுத்த நொடியே வயசுக் கணக்கு வந்துவிடும். முதுகுத்தண்டை விரலால் அழுத்திப் பார்த்துச் சதைப்பற்றைச் சொல்வார். நாலு அடி நடக்க விட்டுக் கால் நன்றாக இருக்கிறதா என்று கணிப்பார். இதற்குப் படிப்பு, பட்டம் எதுவும் தேவைப்படுவதில்லை. வருஷக்கணக்கில் ஆட்டோடு பழகியதில் வந்த பார்வை அது.

இதே பார்வையைக் காட்டு விலங்குகள் மீது செலுத்தி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியக் காடுகளைச் சுற்றி வந்தவர் மா.கிருஷ்ணன். இயற்கை எழுத்தாளர், புகைப்படக்காரர், ஓவியர் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. ஆனால், அவருடைய எழுத்தில் யானைக்கும் புலிக்கும் கிடைத்த அதே மரியாதை ஆட்டுக்கும் காகத்துக்கும் அணிலுக்கும் கிடைத்தது. ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கும், காட்டை ஒட்டி வெள்ளாமை செய்பவர்களுக்கும் அவருடைய வாழ்க்கையில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

மயிலாப்பூரில் ஒரு கீரிப்பிள்ளை

1912-ம் ஆண்டு ஜூன் 30-ம் தேதி திருநெல்வேலியில் பிறந்தவர் கிருஷ்ணன். அப்பா அ.மாதவையா, ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலை எழுதியவர். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி கிருஷ்ணன். குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. இன்று நெரிசலில் திணறும் அந்தப் பகுதி, அன்று புதர்க்காடு. நரி ஊளையிடும், வெளிமான் மேயும், பறவைகளுக்குக் கணக்கே இல்லை. சிறுவன் கிருஷ்ணன் வீட்டில் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான்.

1925-ம் ஆண்டு மாதவையா காலமானார். சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்ததும், அங்கேயே சாய்ந்து உயிர்விட்டார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

பிறகு, மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். அங்கே பேராசிரியராக இருந்த பைசன், தென்னிந்திய மலைத் தாவரங்களை ஆராய்ந்தவர். அவரோடு மலைப் பயணங்கள் போனதில் செடி கொடிகளை அடையாளம் காணும் பழக்கம் கிருஷ்ணனுக்குப் படிந்தது. பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார். அதன் பிறகு சட்டமும் படித்தார். ஆனால், நிலையான வேலை மட்டும் அமையவில்லை.

ஆடு மேய்த்த நீதிபதி

1937-ல் இந்துமதியோடு திருமணம் நடந்தது. சம்பாதித்தாக வேண்டிய நெருக்கடி. 1942-ல் பெல்லாரி பக்கம் இருந்த சண்டூர் என்ற சிறிய சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று மாற்றி மாற்றிப் பல பொறுப்புகளைப் பார்த்தார்.

வேலை நேரம் போக மீதிப் பொழுதெல்லாம் மலையும் காடும்தான். செம்மறி ஆடுகளை மேய்த்தார். புறா மூலம் தபால் அனுப்பும் ஏற்பாட்டுக்காகப் புறாக்களை இனப்பெருக்கம் செய்தார். நீதிபதி வேலை பார்த்தவர் ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடந்தது அன்றைக்குச் சிலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம். ஆனால், மந்தையின் பின்னால் நடப்பவருக்குத்தான் எந்தப் புல்லை ஆடு முதலில் கடிக்கிறது, எதை முகர்ந்துவிட்டு ஒதுக்குகிறது, மழைக்கு முன்னால் எப்படிக் கூடி நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். நின்று கவனிக்கும் அந்தப் பொறுமையைப் பின்னாளில் யானைகளைப் பார்க்கும்போதும் அவர் விடவில்லை.

சம்பளம் இல்லாத 46 ஆண்டுகள்

1949-ல் சண்டூர் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணன், அதன் பிறகு யாரிடமும் மாதச் சம்பளத்துக்குப் போகவில்லை. எழுத்தும் படமும்தான் வருமானம். மழையை நம்பி விதைக்கும் மானாவாரி விவசாயம் மாதிரிதான் அது. வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

1950-ல் கொல்கத்தாவின் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் இயற்கைப் பத்தி ஒன்றை ஆரம்பித்தார். ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற அந்தப் பத்தி 46 ஆண்டுகள் நிற்காமல் வந்தது. 1996-ம் ஆண்டு பிப்ரவரி 18-ம் தேதி அவர் காலமான நாளிலும் அவருடைய கட்டுரை அச்சாகியிருந்தது.

கருப்பு வெள்ளையில் மட்டுமே படம் எடுத்தார். விலை உயர்ந்த கேமரா வாங்க வசதி இல்லை. ஒரு கம்பெனியின் கேமராவோடு வேறொரு கம்பெனியின் லென்ஸைப் பொருத்தி, மற்ற பாகங்களைத் தானே செய்து ஒரு கருவியை உருவாக்கிக்கொண்டார். அதன் பாரத்தைக் கிண்டல் செய்து, ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். பழைய இன்ஜினையும் பழைய சக்கரத்தையும் சேர்த்துக் களையெடுக்கும் கருவி செய்துகொள்ளும் விவசாயிகளுக்கு இந்தச் சாமர்த்தியம் புரியும்.

1968-ல் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்தது. அந்த உதவியோடு தென்னிந்தியக் காடுகளின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிக் கள ஆய்வு செய்தார். பத்மஸ்ரீ விருதும் வந்தது. புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிநடத்தும் குழுவிலும் இருந்தார்.

பேத்திக்காக ஒரு விலங்குப் புத்தகம்

காடு காடாக அலைந்தவர் என்றதும் வீட்டை மறந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. இந்துமதியோடு அவர் நடத்திய இல்லறம் ஏறத்தாழ 59 ஆண்டுகள். ஆங்கிலத்தில் அவர் எழுதிய ஒரு புத்தகத்தின் பெயரே ‘காடும் கொல்லைப்புறமும்’ என்று பொருள்படும். முதுமலையில் யானையைப் பார்த்த அதே கண்ணால் வீட்டுக் கொல்லையில் இருக்கும் பல்லியையும் அணிலையும் பார்த்து எழுதினார்.

தன் பேத்திக்காக, விலங்குகளின் பெயரை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் வேடிக்கையான பாட்டு எழுதிப் படமும் வரைந்து கொடுத்தார். அச்சுக்காக எழுதியது அல்ல, வீட்டுக் குழந்தைக்காக எழுதியது. அவர் மறைந்து 20 ஆண்டுகள் கழித்து, 2016-ல் அது புத்தகமாக வந்தது. தமிழில் அவர் எழுதிய இயற்கைக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தலைப்பில் வெளியிட்டார். விலங்குகளின் நல்ல தமிழ்ப் பெயர்களைத் தெரிந்துகொள்ள விரும்பும் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுக்கலாம்.

வேடந்தாங்கல் சொல்லும் கணக்கு

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் பற்றியும் கிருஷ்ணன் எழுதியிருக்கிறார். அந்த ஏரிக்கு வரும் பறவைகளை முதலில் காப்பாற்றியவர்கள் விவசாயிகள். 18-ம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, சுடக் கூடாது என்று எழுத்துபூர்வமாக உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சட்டம் போட்டுச் சரணாலயம் அமைப்பதற்கு வெகுகாலம் முன்பே, வெள்ளாமைக் கணக்கை வைத்தே பறவைகளைக் காப்பாற்றிவிட்டார்கள்.

காட்டில் வெளிநாட்டு மரங்களை நடுவதைக் கிருஷ்ணன் கடைசி வரை எதிர்த்தார். இயற்கையான காட்டை அழித்துத் தைல மரமும் சீகை மரமும் வைத்தால் பார்க்கப் பச்சையாக இருக்கும், ஆனால் அங்கே வாழ்ந்த உயிர்களுக்குத் தீனி இருக்காது. தர்மபுரி மாவட்டக் காடுகளில் உண்ணிச்செடி மண்டிக் கிடப்பதைப் பார்ப்பவர்களுக்கு இதன் விளைவு தெரியும். ஆடு மாடு அதை மேயாது. அது படர்ந்த இடத்தில் புல் முளைக்க வழியில்லை. காட்டுக்குள் மேய்ச்சல் குறைந்தால் யானை எங்கே போகும்? விளைந்து நிற்கும் கேழ்வரகு வாசம் பிடித்து வயலுக்கு வரும்.

மாரண்டஅள்ளியில் நின்ற இரண்டு குட்டிகள்

அப்படி யானை வரும்போது என்ன நடக்கிறது என்பதை 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் இந்த மாவட்டமே பார்த்தது. மாரண்டஅள்ளி அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில் நிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போடப்பட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உயிர் பிழைத்த இரண்டு குட்டிகள், இறந்து கிடந்த யானைகளை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வந்தன. அதே மாதம் கம்பைநல்லூர் அருகே இன்னொரு யானை உயர் அழுத்த மின்கம்பியில் உரசி இறந்தது.

யானைக் கூட்டம் என்பது ஒரு குடும்பம். வயதான பெண் யானைதான் அதை நடத்தும். எங்கே தண்ணீர், எந்த மாதம் எங்கே தீனி, எந்த வழி ஆபத்தில்லாதது என்பதெல்லாம் அதன் நினைவில் இருக்கும். குட்டி, தாயின் வயிற்றில் இருக்கும் காலமே சுமார் 20 முதல் 22 மாதம். பிறந்த பிறகும் பல வருஷம் தாயோடும் பெரியம்மா, சித்திகளோடும்தான் நடக்கும். பெரிய யானை இறந்தால் கூட்டத்துக்கு வழி சொல்ல ஆள் இல்லாமல் போகிறது. வழி தெரியாத யானைகளால் விவசாயிக்கும் ஆபத்து அதிகம்.

மறுபக்கம், ஒரே இரவில் ஒரு போகத்தையே இழக்கும் விவசாயியின் வேதனையும் சாதாரணமானது அல்ல. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, கடன் இருக்கிறது. ஆனால், நேரடி மின்சாரம் பாய்ச்சிய கம்பி யானையா, மாடா, இரவில் தண்ணீர் கட்டப்போகும் சொந்தப் பிள்ளையா என்று பார்ப்பதில்லை. திருட்டு மின்வேலியில் வேலி போட்டவர் வீட்டு ஆட்களே சிக்கி இறந்த சம்பவங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு.

கிருஷ்ணன் ஒரு விலங்கைப் பற்றி எழுதுவதற்கு முன் அதைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார், பார்த்ததைக் குறித்து வைத்தார். காட்டோர விவசாயிகளும் இதைச் செய்யலாம். யானை எந்தத் தேதியில், எந்தப் பக்கமிருந்து, எத்தனை உருப்படி வந்தது, எந்தப் பயிரைத் தொட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், இரண்டு மூன்று வருஷத்தில் வழித்தடம் தெளிவாகத் தெரிந்துவிடும். காவல் எப்போது, எங்கே போட வேண்டும் என்பதும் தெரியும். முன்னங்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால், யானையின் தோள் உயரம் ஏறத்தாழ வந்துவிடும். குட்டியோடு வந்த கூட்டமா, தனி ஆண் யானையா என்பதையும் தடத்தை வைத்தே சொல்லலாம். நஷ்டஈடு கேட்கும்போதும் இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

காட்டோர விவசாயிகள் கவனத்துக்கு...

* வீட்டு இணைப்பிலிருந்தோ, பம்ப்செட்டிலிருந்தோ நேரடியாக வேலிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

* சூரிய மின்வேலியில் விட்டு விட்டுப் பாயும் மின்துடிப்பு அதிர்ச்சி மட்டுமே தரும். தமிழ்நாடு மின்வேலிகள் (பதிவு மற்றும் ஒழுங்குமுறை) விதிகள், 2023-ன்படி உள்ளூர் வனத்துறை அலுவலகத்தில் விவரம் கேட்டு, பதிவு செய்த பிறகே அமைக்க வேண்டும்.

* பயிர்ச் சேதம் ஏற்பட்டால், தடத்தையும் சேதத்தையும் உடனே படம் எடுத்து, வனத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் கொடுக்கவும். அவர்கள் பார்வையிடும் முன் வயலை உழுதுவிட வேண்டாம்.

* வயல் மேல் மின்கம்பி தாழ்வாகத் தொங்கினால், ‘மின்னகம்’ சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

* யானை வந்தால் கல் எறிவது, டார்ச் அடித்துக்கொண்டு அருகில் போவது, செல்போனில் படம் எடுப்பது கூடாது. குட்டியோடு இருக்கும் தாய் யானை எச்சரிக்கை கொடுக்காமலேயே பாய்ந்துவிடும்.