இடுப்புப் பட்டையில் உயிர்காக்கும் பானத்தூள்

பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களிலும் வயல் வேலைக்குச் செல்லும் உழவரின் தோளில் ஒரு பருத்தித் துண்டு கிடப்பதைக் காணலாம். 'கம்சா' என்று வழங்கும் அத்துண்டின் முனையில் சிறிது 'சத்து' முடியப்பட்டிருக்கும். சத்து என்பது வறுத்த கடலையை அரைத்து எடுத்த மாவு. நண்பகலில் உழவர் கிணற்றடியில் அமர்ந்து, முடிச்சை அவிழ்த்து, மாவில் உப்பும் நீரும் சேர்த்துக் கரைத்துக் குடிப்பார். அடுப்பு வேண்டியதில்லை, பாத்திரமும் ஒன்று போதும். உடலில் அணிந்த துணியே உணவுப் பையாகவும் பயன்படுகிறது.

நீர் எங்கும் கிடைக்கும். அதிற் கரைக்க வேண்டிய பொருளை மட்டும் சுமந்தால் போதும் என்பதே இவ்வழக்கத்தின் அடிப்படை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வழங்கப்பெற்ற உணவுப் பொட்டலங்களில் உடனடிக் காப்பித்தூளும் எலுமிச்சைத்தூளும் இடம்பெற்றதும் இக்கருத்தின்படியே. ஆயினும், இத்தகைய தூள்கள் அனைத்திலும் மிக உயர்ந்த பயன் தருவது, பசியையோ களைப்பையோ போக்குவதன்று. வயிற்றுப்போக்கினால் உலர்ந்துபோகும் குழந்தையின் உயிரைக் காப்பதாகும். ஓ. ஆர். எஸ். என்று யாவரும் அறிந்த அந்த உப்புச் சர்க்கரைத் தூளை உடலில் அணிந்து செல்லும் முறையையும், அதற்கேற்ற பட்டைப் பையை அமைக்கும் வகையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வங்க எல்லையில் கிடைத்த பாடம்

1971-ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்தினுள் புகுந்தனர். எல்லையை அடுத்த பன்காவ் என்னும் ஊரின் முகாம்களில் காலரா பரவியது. இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டிய உப்பு நீர் விரைவில் தீர்ந்துபோயிற்று. அதனை ஏற்றத் தெரிந்த ஊழியர்களும் போதவில்லை. அங்குப் பணியாற்றிய டாக்டர் திலீப் மகலானபிஸ், உப்பு, சோடா உப்பு, குளுகோஸ் ஆகியவற்றை நீரில் கரைத்து வாய்வழியே கொடுக்கத் துணிந்தார். கல்கத்தாவில் இப்பொருள்கள் நிறுக்கப்பட்டு, பாலிதீன் பைகளில் இடப்பட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாய் ஒட்டப்பட்டு முகாமுக்கு அனுப்பப்பட்டன. அங்கே அவை பீப்பாய்களில் கரைக்கப்பட்டன. நோயாளிகளின் உறவினரே குவளைகளில் பிடித்துச் சென்று புகட்டினர். நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரண விகிதம், இம்முறையில் சிகிச்சை பெற்றவரிடையே நூற்றுக்கு நான்குக்கும் குறைவாக இறங்கியது. 1973-இல் இவ்விவரம் வெளியிடப்பட்டது. மகலானபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டில் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பெற்றது.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. முகாமுக்குச் சென்றவை வெறும் தூள் மூட்டைகள் அல்ல. இவ்வளவு நீருக்கு இவ்வளவு தூள் என்று முன்னரே அளந்து மூடிய பைகள் சென்றன. தூளுடன் அளவும் சேர்ந்து பயணம் செய்தமையால்தான், படிப்பறிவில்லாத உறவினரும் மருத்துவரின் வேலையைச் செய்ய முடிந்தது.

அளவு தவறின் விளைவு

குடலின் உட்சுவர் சோடியத்தையும் குளுகோஸையும் இணைத்தே உள்ளிழுக்கிறது; அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. இவ்விணைப்பை ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் 1960-இல் எடுத்துரைத்தார். கடும் வயிற்றுப்போக்கிலும் இவ்வழி அடைபடுவதில்லை என்பதே ஓ. ஆர். எஸ். கரைசலின் வெற்றிக்குக் காரணம்.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப் நிறுவனமும் 2002-இல் பரிந்துரைத்த கலவையில், ஒரு லிட்டர் நீருக்கு உப்பு 2.6 கிராம், குளுகோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக மொத்தம் 20.5 கிராம் தூள் அடங்கும். அதன் ஊடுபரவற் செறிவு, லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல். நமது இரத்தத்தின் செறிவோ ஏறத்தாழ 290. ஆகவே கரைசல் இரத்தத்தைவிடச் சற்றே நீர்த்தது. நீர் குடலிலிருந்து உடலுக்குள் செல்வதற்கு ஏற்றது.

இப்பொழுது, ஒரு லிட்டருக்கு உரிய பொட்டலத்தை ஒரு தாய் 200 மில்லிலிட்டர் கொள்ளும் தம்ளரில் கரைத்துவிட்டதாகக் கொள்வோம். செறிவு ஐந்து மடங்காகி 1,225-ஐ எட்டும். அது இரத்தத்தின் செறிவைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். நீர் திசைமாறி, உடலிலிருந்து குடலுக்குள் இழுக்கப்படும்; வயிற்றுப்போக்கு மிகும்; இரத்தத்தில் சோடியம் ஏறி, குழந்தைக்கு வலிப்பும் மூளைச் சேதமும் நேரக்கூடும். காக்க வந்த மருந்தே கேடு செய்யும். மாறாக, நீர் மிகுந்துவிட்டால் உப்பின் இழப்பு ஈடாகாது. பொட்டலத்தில் பாதியைக் கொட்டிப் பாதி நீரில் கரைப்பதும் தவறு. உள்ளிருக்கும் உப்புகள் இரு பாதிகளிலும் சமமாகப் பிரியும் என்பதற்கு உறுதி இல்லை.

இந்தியாவில் ஒரு லிட்டர் பொட்டலங்களுடன் 200 மில்லிலிட்டருக்கு உரிய சிறு பொட்டலங்களும் விற்பனையில் உள்ளன. இரண்டும் ஒரே பையில் கலந்து கிடப்பின் தவறு நேர்வது எளிது. எனவே பட்டைப் பை அமைப்போர் மனத்தில் முதலில் இருத்த வேண்டிய விதி இது: தூளைச் சுமக்கும் பட்டை, நீரை அளக்கும் கருவியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

தூளின் பகைவர்கள்

சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்குகிறது. கரையும் பொருள்கள் பல ஒன்று கலந்திருப்பின், தனித்தனியே கசியும் நிலைக்கும் குறைந்த ஈரப்பதத்திலேயே கலவை கசியும். மழைக்காலத்தில் திறந்து வைத்த பானத்தூள் கட்டியாகிவிடுவதன் காரணம் இதுவே. பழைய கலவையில் சிட்ரேட்டுக்குப் பதில் சோடா உப்பு இருந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தபோது அது குளுகோஸுடன் வினைபுரிந்து, தூள் பழுப்பு நிறம் அடைந்தது. வெப்ப நாடுகளில் நெடுநாள் கெடாதிருத்தல் வேண்டும் என்று கருதியே 1984-இல் சிட்ரேட் கலந்த கலவை பரிந்துரைக்கப்பட்டது.

அலுமினியத் தகடு சேர்ந்த உறை ஈரத்தைச் சிறப்பாகத் தடுக்கும். ஆனால் அவ்வுறையை மடித்து மடித்து வைத்தால், மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் விழும். அவ்வழியே ஈரம் புகும். பொட்டலத்தைச் சேலை முந்தானையில் முடிதல், சட்டைப் பையில் திணித்தல், ஊக்கினால் குத்தி வைத்தல் ஆகிய மூன்றும் ஆகாதவை. உடலில் அணியும்போது வியர்வையும் உடற்சூடும் இடையறாது தாக்கும் என்பதையும் மறக்கலாகாது. ஈரத்தைத் தடுப்பது உறையின் வேலை. உறை கசங்காமலும் நனையாமலும் காப்பது பட்டையின் வேலை.

பட்டை அமைக்கும் முறை

முரட்டுக் காடாத்துணியோ மெல்லிய கான்வாஸோ ஏற்றது. பருத்தித் துணி முதல் நனைவில் சுருங்குமாதலால், வெட்டுவதற்கு முன்னரே துவைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். இடுப்பைச் சுற்றி முடிவதற்குப் போதிய நீளத்தில் ஒரு பட்டை வெட்டி, இரு முனைகளிலும் அகன்ற நாடா தைக்கப்பட வேண்டும். நாடா குறுகலாயின் இடுப்பை அறுக்கும்.

பட்டையின் முன்புறத்தில் மூன்று அறைகள் அமைக்கலாம். உள்ளூரில் கிடைக்கும் பொட்டலத்தை அளந்து, நீளத்திலும் அகலத்திலும் 2 சென்டிமீட்டர் மிகுதியாக விட்டு அறைத்துணியை வெட்ட வேண்டும். பக்கங்களில் சிறு மடிப்பு விட்டுத் தைத்தால், தூளின் பருமனுக்கு இடம் கிடைக்கும். பொட்டலம் மடியாமல் நிமிர்ந்து நிற்கும். ஓர் அறைக்கு இரண்டு பொட்டலங்கள் வீதம் ஆறு பொட்டலங்கள் வைக்கலாம். அவற்றிலுள்ள தூளின் எடை 123 கிராம் மட்டுமே. அதிலிருந்து கிடைக்கும் ஆறு லிட்டர் கரைசலைச் சுமப்பதாயின் ஆறு கிலோகிராமுக்கு மேல் தூக்க வேண்டும். தூளாகச் சுமப்பதன் இலாபம் இக்கணக்கில் விளங்கும்.

ஒவ்வோர் அறையிலும் உடலை ஒட்டிய பக்கத்தில், கோப்புகளுக்குப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வெட்டிச் செருக வேண்டும். அது வியர்வையைத் தடுப்பதுடன், குனியும்போது பொட்டலம் கசங்காமலும் காக்கும். வெளிப்பக்கத்தில் பிளாஸ்டிக் கூடாது. துணியின் வழியே காற்றோட்டம் இருந்தால்தான் உள்ளே சேரும் ஈரம் வெளியேறும். அட்டையை நிலையாகத் தைத்துவிடாமல் செருகி வைத்தால், பட்டையைத் துவைக்கும்போது எளிதில் எடுத்துவிடலாம்.

அறையின் வாயை மூடும் மடல், வாயைத் தாண்டி நான்கு விரற்கிடை கீழிறங்க வேண்டும். அப்பொழுது மழைநீர் உட்புகாது வழிந்தோடும். இரும்புப் பொத்தான்கள் வியர்வையின் உப்பினால் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பொத்தானோ நாடா முடிச்சோ நன்று. 200 மில்லிலிட்டர் பொட்டலம் வைப்பதாயின், அதற்கு வேறு நிறத் துணியில் தனி அறை அமைத்தல் இன்றியமையாதது.

இனி, அளவு. ஒரு லிட்டர் என்று அச்சிட்ட குடிநீர்ப் புட்டி இன்று எவ்வூரிலும் கிடைக்கிறது. நன்கு கழுவிய வெறும் புட்டி ஒன்றைத் தாங்கும் துணி வளையம், பட்டையின் ஒரு பக்கத்தில் தைக்கப்பட வேண்டும். நீர் நிரப்பினால் புட்டி ஒரு கிலோகிராம் எடை பெறுமாதலால், வெறுமையாகவே எடுத்துச் சென்று, தேவையான இடத்தில் அளப்பதற்குப் பயன்படுத்துவதே முறை. மடலின் உட்புறத்தில், 'ஒரு பொட்டலம் முழுவதும் – ஒரு லிட்டர் நீர்' என்று உள்ளூர் மொழியில் நூலால் தைத்துவிடலாம். எழுத்தறியாதார்க்கு ஒரு பொட்டலத்தின் படமும் ஒரு புட்டியின் படமும் போதும்.

இரவில் பட்டையைக் கழற்றி, நிழலான உலர்ந்த இடத்தில் தொங்கவிட வேண்டும். வாரம் ஒரு முறை துவைத்தலும், காலாவதி நாள் முந்திய பொட்டலங்களை முன்னே வைத்தலும் ஒழுங்காக நடைபெற வேண்டும். கட்டியாகியோ நிறம் மாறியோ உள்ள தூளை ஒதுக்கிவிட வேண்டும்.

அறையில் எதை வைப்பது?

பட்டை எவ்வளவு திறமையாகத் தைக்கப்பட்டாலும், அதனுள் வைக்கும் பொருள் சரியானதாக இருத்தல் வேண்டும். பழச்சுவையும் சர்க்கரையும் மிகுந்த பானங்கள் பல, ஓ. ஆர். எஸ். என்னும் பெயரைத் தாங்கிக் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. உரிய கலவை இல்லாத பானங்களின் பெயரில் அச்சொல் இடம்பெறலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. ஊழியர்கள் உறையின் மேலுள்ள பெயரை மட்டும் நம்பாமல், மேற்கூறிய நான்கு பொருள்களும் அளவுகளும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இச்செய்தியை எளிய சோதனையால் விளக்கலாம். பத்துப் பத்துக் கிராம் உலர்ந்த உப்பை மூன்று பங்காக நிறுத்து, ஒன்றைக் காகிதத்திலும், ஒன்றை இறுக மூடிய பாலிதீன் பையிலும், மற்றொன்றை ஊசியால் பல இடங்களில் குத்திய பாலிதீன் பையிலும் இடுக. மூன்றையும் ஈரத்துணி வைத்த மூடிய பாத்திரத்தில், துணியில் படாதபடி ஒரு வாரம் வைத்து மீண்டும் நிறுக்க. காகிதத்து உப்பு நனைந்து எடை கூடியிருக்கும். துளையிட்ட பையையும் துளையில்லாத பையையும் ஒப்பிட்டு நோக்கினால், உறையைக் குத்தவும் கசக்கவும் கூடாது என்பதற்கான காரணம் மாணவர்களுக்குத் தானே விளங்கும்.

அளவைக் கற்பிப்பதில் வங்காள தேசத்தின் அனுபவம் நினைவில் வைக்கத்தக்கது. 1980 முதல் பத்தாண்டுகளில், 'பிராக்' என்னும் அமைப்பின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, மூன்று விரல் சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் அரைச் சேர் நீரும் கலக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்பித்தனர். ஊழியரின் ஊதியம், அவர் எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதைப் பொறுத்து மட்டும் கணக்கிடப்படவில்லை. கற்பித்ததைத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருந்தாள் என்பதைப் பொறுத்துக் கணக்கிடப்பட்டது. பொட்டலத்தைக் கையில் கொடுத்தலோடு பணி முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஊழியர் செய்ய வேண்டுவன

வீட்டை அடைந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, காய்ச்சி ஆறிய நீரை ஒரு லிட்டர் புட்டியால் அளந்து, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, பொட்டலம் முழுவதையும் கரைக்க வேண்டும். காய்ச்சிய நீர் இல்லையேல், கிடைப்பதில் மிகத் தூய்மையான நீரைக் கொள்ளலாம். ஒவ்வொரு பேதிக்குப் பின்னும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரையும், இரண்டு முதல் பத்து வயது வரை உள்ளவர்க்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் வரையும் சிறுகச் சிறுகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மேலும் மெதுவாகத் தொடரலாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. கரைத்த நீரை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும். குழந்தை சோர்ந்து குடிக்க இயலாதிருந்தாலும், கண்கள் குழிந்திருந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லச் செய்ய வேண்டும்.

கரைசலை ஊழியரே கலந்து கொடுத்துவிட்டுத் திரும்புவது போதாது. இரண்டாவது பொட்டலத்தைத் தாயிடம் கொடுத்து, அவளே அளந்து கலக்கும்படி செய்து உடனிருந்து பார்த்தல் வேண்டும். பட்டையிலுள்ள புட்டி ஊழியருடன் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆதலால், அவ்வீட்டுப் பாத்திரம் ஒன்றில் ஒரு லிட்டர் நீரை ஊற்றி, அது நிற்கும் மட்டத்தில் அழியாத கோடு ஒன்று கீறி வைத்தபின்னரே ஊழியர் அவ்வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும்.