‘சொந்தக் காரணங்களுக்காக விலகினார்’: மருத்துவமனைப் பணியாளர் ஆய்வை எழுதுவது எப்படி?

அரசு மருத்துவமனைகளில் பணியாளர்கள் ஏன் நிலைப்பதில்லை என்று கேட்டால், ‘சொந்தக் காரணம்’, ‘பணியில் ஆர்வமின்மை’ என்ற விடைகளே வழக்கமாகக் கிடைக்கின்றன. திருக்கோவிலூர் போன்ற சமவெளி ஊர்களின் மருத்துவமனைகள் முதல் கல்வராயன் மலையின் சுகாதார நிலையங்கள் வரை இந்த விடைகளே போதும் என்றால் ஆய்வு எதற்கு? பணியாளர்களிடம் நேர்காணல் எடுக்க முன்வரும் சட்ட மாணவர்களும் இயக்கத் தோழர்களும் நேர்காணலுக்குக் காட்டும் கவனத்தை அதை எழுதுவதிலும் காட்ட வேண்டும். விலகலுக்கான பொறுப்பு யார்மீது சுமத்தப்படும் என்பதை எழுதும் முறையே முடிவு செய்கிறது.

ஈடுபாடு எங்கிருந்து வருகிறது?

பணி ஈடுபாடு குறித்த நவீன ஆய்வுகளுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் வில்லியம் கான். 1990இல் வெளியான தம் கட்டுரையில் அவர் மூன்று நிலைமைகளைச் சுட்டினார்: செய்யும் வேலைக்குப் பொருள் இருக்க வேண்டும், அச்சமின்றித் தன்னை வெளிப்படுத்தும் பாதுகாப்பு வேண்டும், அதற்கான உடல், மன வலிமை மிஞ்சியிருக்க வேண்டும். இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1936இல், ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் இதன் வேரைத் தொட்டுவிட்டார். விருப்பத்தால் அன்றிப் பிறப்பால் சுமத்தப்பட்ட தொழிலில், அதிலும் இழிவெனக் கருதப்படும் தொழிலில், மனம் ஒன்றாது. அங்கே திறமையை எதிர்பார்க்க இயலாது என்பது அவர் வாதம். ஆகவே ‘ஆர்வமின்மை’ என்பதை ஆய்வின் முடிவாக எழுதக் கூடாது. ஆராய வேண்டிய கேள்வியே அதுதான்.

‘விலகல்’ எனும் போர்வை

ஒப்பந்தம் முடிந்து வெளியேற்றப்படுவது, இடமாறுதல் பெறுவது, பதவி விலகுவது, சொல்லாமல் நின்றுவிடுவது ஆகியவை நான்கு வெவ்வேறு நிகழ்வுகள். கொரோனா காலத்தில் நியமிக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் நீட்டிக்கப்படாமல் நின்றது. அவர்களாக விலகவில்லை, தெருவில் நின்று போராடினார்கள். அவர்களையும் ‘விலகியோர்’ பட்டியலில் சேர்த்தால் ஆய்வே பொய்யாகிவிடும்.

தூய்மைப் பணியாளர் நிலை இன்னும் சிக்கலானது. ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக வருபவர் மருத்துவமனையின் அனுமதிக்கப்பட்ட பணியிடக் கணக்கில் இருப்பதில்லை. அவர் போனால் அங்கே காலியிடம் உருவாவதில்லை. வேறொருவர் துடைப்பத்தோடு வந்துவிடுகிறார். பதிவேட்டை மட்டும் நம்பும் ஆய்வாளருக்கு இந்த வெளியேற்றம் கண்ணில் படாது. நேர்காணல் தேவைப்படுவது இதனால்தான்.

சாதியை எப்படிப் பதிவது?

‘இங்கே சாதி பார்க்கிறார்களா?’ என்று நேரடியாகக் கேட்டால் ‘இல்லை’ என்ற விடையே எளிது. கேட்பவர் யார் என்பதைப் பார்த்துத்தான் பதில் வரும். வேலைப் பங்கீட்டைக் கேளுங்கள். பிணவறைக்கு யாரை அனுப்புகிறார்கள்? கழிவறை அடைத்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? யார் எங்கே அமர்ந்து உண்கிறார்கள்? யாரை ‘அம்மா’ என்றும் யாரை ‘ஏய்’ என்றும் அழைக்கிறார்கள்? விடைகளைப் பேசிய மொழியிலேயே எழுதுங்கள். ‘வாடி, போடி’ என்பதை ‘மரியாதைக் குறைவாகப் பேசினர்’ என்று திருத்தினால் சான்று அழிந்துவிடும்.

ஆய்வாளர் தம்மைப் பற்றியும் எழுத வேண்டும். பண்புசார் ஆய்வுகளை எழுதுவதற்காக 2007இல் வெளியான 32 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல், நேர்காணல் எடுத்தவர் யார், பங்கேற்பாளருடன் அவருக்கு என்ன உறவு என்பதிலிருந்தே தொடங்குகிறது. நம் ஊரில் இதன் பொருள், கேட்டவரின் சாதியையும் பாலினத்தையும் பதிவதாகும்.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. பதினைந்து பேரிடம் பேசிவிட்டு ‘பெரும்பாலான பணியாளர்கள்’ என்று எழுதக் கூடாது. ஒன்று எப்படி, ஏன் நிகழ்கிறது என்பதை இத்தகைய ஆய்வு காட்டும். எத்தனை சதவீதம் என்பதைக் காட்டாது.

பெயரை மறைத்தால் போதுமா?

‘மலையாளி பழங்குடிச் செவிலியர், கல்வராயன் மலை, 29 வயது’ என்று எழுதினால் பெயர் எதற்கு? மேலதிகாரி ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதற்கு அஞ்சிச் சாதியை நீக்கினாலோ, கண்டறிந்த உண்மையே மறைந்துவிடும். இதற்கு வழி உண்டு. சமூகப் பிரிவை மாவட்ட அளவில் மட்டும் சொல்லுங்கள். வயது, நிலையம், பணியாண்டு ஆகியவற்றை மேற்கோளிலிருந்து பிரித்துவிடுங்கள். அச்சேறுமுன் சொன்னவரிடமே படித்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள்.

வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் கூறுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளரிடம் பங்கேற்பாளர் கூறுவதற்கு அத்தகைய பாதுகாப்பு பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்திலும் இல்லை, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் இல்லை. நீதிமன்றம் குறிப்பேட்டைக் கேட்கலாம். ஆகவே, காப்பாற்ற முடியாத உறுதிமொழியைத் தராதீர்கள். பெயர்ப் பட்டியலைத் தனியே வையுங்கள்; தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

வாக்குமூலத்தோடு சட்டம்

ஒவ்வொரு கூற்றையும் சட்டக் கடமையோடு பொருத்துங்கள். உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016இன்படி, கழிவைக் கையாளும் அனைவருக்கும் மஞ்சள் காமாலை-பி, டெட்டனஸ் தடுப்பூசி, ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடல் பரிசோதனை, பயிற்சி, பாதுகாப்பு உடைகள் ஆகியவற்றை வழங்குவது மருத்துவமனையின் கடமை. ஊசி குத்தியும் தடுப்பூசி கிடைக்காமல் ஒருவர் வேலையை விட்டால் அது ‘சொந்தக் காரணம்’ அன்று, விதிமீறல். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு, அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பொருளாதார நெருக்கடியும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம். இதை மனத்தில் கொண்டால், ‘ஏன் போனார்?’ என்பதோடு ‘இவ்வளவு நாள் ஏன் போக முடியவில்லை?’ என்றும் கேட்கத் தோன்றும்.

கள்ளச்சாராய மரணங்களைத் தொடர்ந்து, 2024 ஜூலையில், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தகைய விசாரணையில் அரசு தரப்பு காலியிட எண்ணிக்கையை வைக்கும். அந்த எண்ணிக்கைக்குள் வராத மனிதர்களின் சொல்லை நம் அறிக்கைதான் வைக்க வேண்டும். அது குறுக்கு விசாரணையைத் தாங்கும் அளவுக்குத் துல்லியமாகவும், பேசியவரின் வேலையைப் பறிக்காத அளவுக்குக் கவனமாகவும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.