முள்ளை முள்ளால் எடுக்கும் ஊசி!

ஐப்பசி மழை ஓய்ந்ததும் திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். தரிசு நிலத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்பது எது? பார்த்தீனியம்! அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1956-ல் புனாவில் இது வளர்வதாக எழுதினார்கள். இன்றோ நாடெங்கும் இதன் ராஜ்யம்தான்!

இதை வெறுங்கையால் பிடுங்கினால் சிலருக்குத் தோலில் தீராத அரிப்பு. மகரந்தம் பட்டால் சிலருக்குத் தும்மல், மூச்சிரைப்பு. கூலிக்குக் களை எடுப்பவர் வேலையை விட்டால் அடுப்பு எரியுமா? இந்த நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் 'அலர்ஜி', அதாவது ஒவ்வாமை.

காவல்காரன் செய்யும் தவறு

கிருமிகளைத் துரத்த நம் உடலில் காவல் உண்டு. சிலர் உடலில் அந்தக் காவல்காரன், தீங்கில்லாத தூசியையும் திருடன் என்று நினைத்துத் தடியைத் தூக்கிவிடுகிறான்! அதன் விளைவே தும்மலும் இரைப்பும்.

காவல்காரனைப் பழக்க முடியாதா? முடியும் என்றார் லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரி டாக்டர் லியோனார்ட் நூன். 1911-ல் புல்லின் மகரந்தச் சாற்றையே துளித்துளியாக ஊசியில் ஏற்றி, அளவைக் கூட்டிக்கொண்டே போனார். நோயாளிகளுக்கு மகரந்தத்தைத் தாங்கும் சக்தி வளர்ந்தது!

புதிய வழிகள்

இப்போது சிலவகை மகரந்தத்துக்கும் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிக்கும், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை வந்துவிட்டது. தும்மலைத் தூண்டும் 'ஐ.ஜி.இ.' என்ற பொருளையே மடக்கிப் பிடிக்கும் 'ஒமாலிசுமாப்' ஊசியை, கடுமையான ஆஸ்துமாவுக்காக 2003-ல் அமெரிக்கா அனுமதித்தது.

தோல் அரிப்பு வேறு ரகம். அதற்குச் சண்டிகர் டாக்டர்கள் பார்த்தீனியச் சாற்றையே வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் வெளியான முடிவுப்படி பலருக்குக் குணம் தெரிந்தது. சிலருக்கு நோய் கூடியது. ஆகவே அது இன்னும் சோதனைதான். வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது!

அவசரம் ஆகாது

மகரந்த ஊசி மந்திரம் அல்ல. மூன்று ஆண்டுகளாவது விடாமல் போட வேண்டும். அபூர்வமாக உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே ஊசி போட்டதும் அரைமணி நேரம் டாக்டர் கண்ணெதிரே இருப்பது அவசியம். எது ஒவ்வவில்லை என்று பரிசோதித்த பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும்.

அதுவரை? பூக்கும் முன்பே செடியைப் பிடுங்குங்கள். கையுறை போட்டு, முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். காசு அதிகம் செலவாகாத வைத்தியம் இதுதான்!